பச்சை விளக்கை நம்பலாமோ?

கல்லூரி என்பது மதிலுக்குள் அடங்கிய கட்டடங்களே என்று எண்ணியிருந்த காலம் கழிந்தது. இற்றை நாளில் நூலகத்து ஆய்விதழ்கள், ஆசிரியர் தொகுத்த பாடக் குறிப்புகள், மாணவர் ஆய்வேடுகளை ஒப்படைக்கும் களம் முதலிய பலவும் கணினிக்குள்ளே குடிபுகுந்துவிட்டன. விடுமுறையில் தன் ஊரிலிருக்கும் மாணவன் இவற்றை அடைய வேண்டுமாயின், பல கல்வி நிலையங்களில் வி.பி.என். எனப்படும் தனிவழி ஒன்றைத் திறந்துகொண்டே உட்புக வேண்டியவனாகின்றான். பொது இணையம் எல்லோரும் நடமாடும் பெருவீதி. அவ்வீதியினூடே, மாணவன் கணினி தொடங்கிக் கல்லூரிக் கணினி வரைக்கும், பிறர் எட்டிப் பார்க்கவியலாத சுரங்கவழி ஒன்றை இஃது அமைத்துத் தருகின்றது. அனுப்பும் செய்தி சிறு சிறு பொதிகளாகப் பகுக்கப்பெற்று, ஒவ்வொரு பொதியும் மறைகுறியாக்கப்பெற்று, வேறோர் உறையிலிடப்பெற்றுச் செல்லும்; மறுமுனையில் உறை பிரிக்கப்பெறும். இடையிலுள்ளார் உறையைக் காண்பரேயன்றி உள்ளீட்டைக் காணார்.

இவ்வழியின் நலத்தை நாள்தோறும் நாடியறிதல் வேண்டும் என்பதில் யார்க்கும் கருத்து வேற்றுமை இல்லை. எதனை நலம் என்று கொள்வது என்பதிலேதான் பிழை நேர்கின்றது. வழி திறந்திருக்கின்றதா என்று மட்டும் வினவி, திரையில் பச்சை விளக்கொன்று தோன்றக் கண்டு அமைதி கொள்வதே பெரும்பாலும் வழக்கமாயிருக்கின்றது. அவ்வழியே அனுப்பிய பொருள் சேர வேண்டிய இடத்தைச் சேர்ந்ததா என்று வினவுவோர் சிலரே. இவ்விரண்டும் வெவ்வேறு வினாக்கள். முதல் வினாவுக்குக் கிடைத்த விடையைக் கொண்டு இரண்டாவதற்குத் தீர்ப்புரைப்பது மாணவர்க்கு அநீதியாய் முடியும் என்பதே யாம் ஈண்டு எடுத்துரைக்க விரும்புவது.

2021 ஆம் ஆண்டில், கொள்ளைநோயின் பொருட்டு மாணவரெல்லாம் தத்தம் இல்லங்களிலிருந்து பயின்ற காலத்து, யாம் நன்கறிந்த கல்வி நிலையமொன்றில் நிகழ்ந்ததைக் கூறுவோம். இறுதியாண்டு மாணவர் தம் ஆய்வேடுகளை ஒரு வெள்ளிக்கிழமை நள்ளிரவுக்குள் சுரங்கவழியாக ஒப்படைத்தல் வேண்டும் என்பது விதி. முன்னரே ஒப்படைத்தவர் தப்பினர். கடைசி நாள் மாலையில் முயன்றவர்க்கு வழி திறந்தது. பெயரும் கடவுச்சொல்லும் ஏற்கப்பெற்றன. ஒப்படைக்கும் பக்கமும் கண்முன் தோன்றியது. ஆயின் ஆய்வேட்டை அனுப்பத் தொடங்கினால், சிறிது சென்றதுபோற் காட்டி அப்படியே நின்றுவிடும். அவருள் ஒருவன் சிற்றூர் மாணவன். தந்தையின் கைபேசியைக் கணினியோடு பிணைத்துக்கொண்டு, சைகை நன்கு கிடைக்குமென்று மொட்டை மாடியில் அமர்ந்து, நள்ளிரவு கடந்து விடியுமட்டும் முயன்றான். பயனில்லை. மறுநாள் முறையிட்டபோது, இரவு முழுவதும் இணைப்பு நன்றாயிருந்ததென்றும், கண்காணிப்புப் பதிவில் ஒரு நிமிடமேனும் தடையில்லை என்றும் விடை வந்தது. காலந்தாழ்த்தியதற்குரிய மதிப்பெண்கள் கழிக்கப்பட்டன. பத்து நாட்கள் கழித்து ஆசிரியர் ஒருவர் தம் இல்லத்திலிருந்து அதே இடர்ப்பாட்டை அடைந்த பின்னரே காரணம் ஆராயப்பெற்றது.

காரணமோ மிகச் சிறியது. அவ்வெள்ளிக்கிழமை நண்பகலில் கல்வி நிலையத்தின் இணையத் தொடுப்பு வேறொன்றாக மாற்றப்பட்டிருந்தது. முன்னைய தொடுப்பு ஈத்தர்நெட்டுக்கு இயல்பான 1500 பைட் அளவுள்ள பொதியைத் தாங்கியது. புதியது பி.பி.பி.ஓ.இ. என்னும் முறையைச் சார்ந்தது. அம்முறை தனக்கென 8 பைட்டுகளை எடுத்துக்கொள்ளுவதால் 1492 பைட்டுக்கு மேற்பட்ட பொதியைத் தாங்காது. சுரங்கவழியின் பொதிகளோ பழைய அளவுக்கு நிறைவாகத் தைக்கப்பட்டிருந்தன. ஆகவே சிறு பொதிகள் தடையின்றிச் சென்றன. நிறைபொதிகள் குறுகிய வாயிலில் விழுந்து ஒழிந்தன. பொதி பெரிது, சுருக்கி அனுப்புக என்று குறுகிய இடத்திலுள்ள கருவி திருப்பியறிவித்தல் மரபு. அவ்வறிவிப்பும் இடைவழியில் எங்கோ தடுக்கப்பெற்று அனுப்பியவனை எட்டவில்லை. இந்நோய் புதியதன்று. பொறியாளர் இதனைக் கருந்துளை என வழங்குவர். 2000 ஆம் ஆண்டிலேயே இணையத் தர ஆவணங்களுள் ஒன்றில் இஃது விரித்தெழுதப்பெற்றுள்ளது.

பச்சை விளக்கு ஏன் இதனைக் காட்டவில்லை? அவ்விளக்கை இயக்கியது பிங் என்னும் சிறு நிரல். 1983 டிசம்பரில் அமெரிக்கப் படைத்துறை ஆய்வுக்கூடமொன்றில் பணியாற்றிய மைக் மூஸ் என்பார் இதனை எழுதினார். நீர்மூழ்கிகளைத் தேடும் கருவி ஒலியலையை அனுப்பி எதிரொலியைக் கேட்பதுபோல, இந்நிரல் சிறு பொதியை அனுப்பி அதன் மறுமொழியை எதிர்நோக்கும். பெயரும் அவ்வொலியினின்றே வந்தது. மிகப் பயனுள்ள கருவி என்பதில் ஐயமில்லை. ஆயின் லினக்ஸ் கணினியில் அஃது இயல்பாக அனுப்பும் பொதி 84 பைட் அளவினதே. நிறைவண்டி ஏறமாட்டாத பாலத்தைப் பூனையொன்று நடந்து கடந்தது கண்டு, பாலம் உறுதியுடையது என்று எழுதி வைத்ததை ஒக்கும் அவ்விரவின் பதிவேடு. பதிவேடு பொய் கூறவில்லை. அதனிடம் வினவாத ஒன்றுக்கு விடை கூறியதாக நாமே கொண்டோம்.

எமக்கு வருத்தந் தருவது கருவியின் குறை அன்று. கருவிகள் பழுதாதல் இயல்பு. மாணவர் பலர் வெவ்வேறு ஊர்களிலிருந்து ஒரே வகையான குறையை எடுத்துரைத்த பின்னரும், அவர்தம் சொல்லினும் ஒரு விளக்கின் நிறம் பெரிதாக மதிக்கப்பட்டதே வருந்தத்தக்கது. முறையிட்ட மாணவன் பொய்யன் என்று வாய்திறந்து சொன்னாரில்லை. ஆயினும் பதிவேட்டை நீட்டியபோது அதுவே பொருளாயிற்று.

இனி, நலமறியும் முறைகள் யாவை, அவை எவ்வளவு அறியவல்லன என்பதைச் சற்றே நோக்குவோம். சுரங்கவழியின் இரு முனைகளும் ஒன்றையொன்று உயிரோடிருக்கின்றனவா என்று அறிந்துகொள்ளும் ஏற்பாடு பெரும்பாலான முறைகளில் உண்டு. ஐ.பி.செக். முறையில் மறுமுனை மாண்டதா என்று கண்டறியும் வகை 2004 ஆம் ஆண்டில் ஆவணமாக வெளிவந்தது. ஓப்பன்வி.பி.என். முறையில் 10 நொடிக்கொருமுறை சிறுகுறி அனுப்பவும், 60 நொடி அளவும் யாதும் கேளாதாயின் இணைப்பை மீளத் தொடங்கவும் ஏற்பாடு செய்தல் வழக்கம். 2020 மார்ச்சில் லினக்ஸ் கருவோடு சேர்ந்து வெளிவந்த வயர்கார்ட் முறையோ வேறு இயல்பினது. அனுப்புதற்கு ஒன்றுமில்லையாயின் அது வாய் திறவாது. மறுமுனை இறந்துபட்டிருப்பினும் இம்முனையில் இணைப்பு நிலைபெற்றிருப்பதாகவே தோன்றும். செய்தி ஓடிக்கொண்டிருக்கும்போது ஏறக்குறைய 120 நொடிக்கொருமுறை இரு முனைகளும் புதிய சாவிகளை மாற்றிக்கொள்ளும். கடைசியாக அங்ஙனம் மாற்றிக்கொண்டது எப்பொழுது என்பதே அதில் நம்பத்தக்க அடையாளம். இல்லங்களிலுள்ள ரவுட்டர்கள் நெடுநேரம் பேச்சில்லாத இணைப்பை மறந்துவிடும் இயல்பினவாதலால், வேண்டுவோர் 25 நொடிக்கொருமுறை சிறுகுறி அனுப்புமாறு இதனைப் பணிக்கலாம்.

இவையெல்லாம் இன்றியமையாதன, ஆயின் போதியன அல்ல. இரண்டு முனைகளும் உயிரோடிருக்கின்றன என்பதற்குமேல் இவற்றால் ஒன்றும் அறியவியலாது. மறுமுனைக்கு அப்பால் நூலகக் கணினி துயில்கின்றதா, பெயரை முகவரியாக மாற்றித் தரும் கருவி பிழைபட்டதா, புதிதாக வருவோர்க்கு வழங்கும் முகவரிகள் தீர்ந்துவிட்டனவா என்பன இவற்றுக்குத் தெரியா. வாயிற்காவலர் இருவர் ஒருவரையொருவர் நலம் வினவிக்கொண்டிருப்பதனால் அரண்மனைக்குள் அடுப்பு எரிகின்றது என்று முடிவு செய்யலாகாது.

இதனினும் அச்சந்தரும் எடுத்துக்காட்டு 2024 மே மாதத்தில் வெளிப்பட்டது. லெவியாத்தன் செக்யூரிட்டி என்னும் நிறுவனத்து ஆய்வாளர் டனல்விஷன் எனப் பெயரிட்டு ஒரு குறையை விளக்கினர். நாம் ஓரிடத்து வலையமைப்பிற் சேரும்போது, டி.எச்.சி.பி. என்னும் ஏற்பாடு நம் கணினிக்கு முகவரி அளிக்கின்றது. அதே ஏற்பாட்டின் 121 ஆம் விருப்பத்தேர்வு, இன்ன பொதிகளை இன்ன வழியே அனுப்புக என்று கட்டளையிடவும் வல்லது. 2002 முதலே அது தரத்திலுள்ளது. வஞ்சகன் ஒருவன் அவ்வலையமைப்பைத் தன் கைப்படுத்துவானாயின், இக்கட்டளையால் நம் பொதிகளைச் சுரங்கத்துக்கு வெளியே திருப்பிவிடலாம். வியப்பு யாதெனின், சுரங்கவழி அறுபடுவதில்லை. அதன் உயிர்க்குறிகள் தொடர்ந்து சென்றுவருகின்றன. இணைக்கப்பட்டுள்ளது என்னும் சொல் திரையில் மாறாதிருக்கின்றது. ஆண்ட்ராய்டு அவ்விருப்பத்தேர்வை ஏற்பதில்லையாதலால் இதற்குத் தப்பியது. ஆகவே வழி உயிரோடிருக்கின்றதா என்பதோடு, நம் பொதி அவ்வழியேதான் செல்கின்றதா என்பதும் தனியே சோதிக்கத்தக்கது. நாம் எம்முகவரியிலிருந்து வருவதாக மறுமுனை காண்கின்றது என்று வினவியறிதல் அதற்கு எளிய வழிகளுள் ஒன்று. அதுவும் முழுக் காப்பன்று. எனினும் பச்சை விளக்கினும் அது மேலான சான்று.

இத்தகைய இடர்களுக்கு முன்னோர் கண்ட அறிவு ஒன்று நம் கண்முன்னே இருப்புப்பாதையில் உளது. 1872 ஆம் ஆண்டில் வில்லியம் ராபின்சன் என்னும் அமெரிக்கர் மூடிய மின்சுற்று முறையைத் தண்டவாளத்துக்கு அமைத்தார். பாதையின் ஒரு முனையில் மின்கலம். மறுமுனையில் கைகாட்டியை இயக்கும் கருவி. இடையே தண்டவாளமே மின்சாரத்தைச் சுமந்து செல்லும். வண்டி வந்து நிற்பின் அதன் சக்கரங்களே மின்சாரத்தை இடைமறித்துவிடும். கைகாட்டி அபாயங் காட்டும். தண்டவாளம் முறியினும், கம்பி அறினும், மின்கலம் ஒழியினும் அவ்வாறே அபாயங் காட்டும். அஃதாவது, நலமென்பது இடைவிடாது மெய்ப்பிக்கப்படுதல் வேண்டும். மெய்ப்பிக்கப்படாத கணமெல்லாம் அபாயமென்றே கொள்ளப்படும். நம் கண்காணிப்புக் கருவிகளிற் பல இதற்கு நேர்மாறானவை. குறை தெரிந்தாற் கூவுவோம் என்கின்றன. கூவவேண்டிய கருவியே உறங்கிப்போயின் அதன் மௌனத்தை நலமென்று நாம் எழுதிக்கொள்ளுகின்றோம். ஊர்க்காவலன் சாமந்தோறும் மணியடிப்பது கள்வர் வந்ததை அறிவித்தற்கன்று. தான் விழித்திருப்பதை அறிவித்தற்கே. மணியோசை கேளாத சாமத்தில் ஊரார் எழுந்து விளக்கேற்றுதல் வேண்டும்.

ஒற்றன் கொணர்ந்த செய்தியையும் வேறோர் ஒற்றனால் ஆராய்ந்து கொள்க என்பது திருக்குறளின் ஒற்றாடல் அதிகாரத்துக் கருத்துகளுள் ஒன்று. அஃது அரசர்க்கு மட்டும் உரியதன்று. கல்லூரிக்குள்ளேயே இருக்கும் கண்காணிப்புக் கருவி, கல்லூரிக்கு வெளியே நிற்கும் மாணவன் படும் பாட்டை எங்ஙனம் அறியும்? வெளியிலிருந்து நோக்கும் ஒற்றன் ஒருவன் வேண்டும்.

திடீரென நேரும் முறிவுகளேயன்றி, மெல்ல மெல்லத் தேய்க்கும் நோய்களும் உள. பொதி சென்று திரும்பும் தாமதம் நாளுக்கு நாள் மிகுதல், நூற்றுக்கு இத்தனை பொதி வழியில் தொலைதல், தாமதம் ஒரு நிலையில் நில்லாது ஏறியிறங்குதல் ஆகியவற்றை ஒரே ஒரு நாள் அளப்பதனாற் பயனில்லை. வாரக்கணக்கில் அளந்து, இவ்வழிக்கு இயல்பு இஃது என்று முன்னரே அறிந்திருப்பவர்க்கே மாறுதல் புலனாகும். நலமாயிருக்கும்போதே ஒருவனுடைய நாடியை அறிந்துவைத்த மருத்துவர் நோயில் எளிதிற் குறிகாண்பர் அன்றோ? மற்றொன்று, சான்றிதழ்களின் காலவரை. சுரங்கவழியின் முனையை மெய்யென்று காட்டும் சான்றிதழ் இன்ன நாளில் இறக்கும் என்பது அது பிறந்த நாளிலேயே அதன்மேல் எழுதப்பட்டுளது. அந்நாளில் வழி அடைபடுமாயின் அதனை விபத்தென்று கூற யாம் உடன்படோம், அது மறதி. முப்பது நாட்களுக்கு முன்னரே நினைவூட்டுமாறு செய்தல் எளிது.

இவற்றுக்கெல்லாம் பெரும்பொருள் செலவாகும் என்பர் சிலர். அவ்வாறன்று. சிறு கணினி ஒன்றை, ராஸ்ப்பெரி பை போன்றதை, கல்லூரிக்கு வெளியே ஆசிரியர் ஒருவர் இல்லத்தில் வைத்தாற் போதும். ஐந்து நிமிடத்துக்கொருமுறை அது மாணவன் புகும் அதே வாயிலாற் புகட்டும்; நூலகத்திலிருந்து குறித்த ஏடொன்றை எடுக்கட்டும்; ஒரு மெகாபைட் அளவுள்ள ஏடொன்றை ஒப்படைக்கட்டும்; சென்றதும் வந்ததும் சிதையாதிருக்கின்றனவா என்று ஒப்புநோக்கி, நலம் என்று மூன்றாம் இடத்துக்கு அறிவிக்கட்டும். பதினைந்து நிமிடம் அவ்வறிவிப்பு வாராதாயின், மூன்றாம் இடத்திலுள்ள கருவி பொறுப்பாளரை எழுப்பட்டும். கணினித்துறை மாணவர் சிலர் ஒரு பருவத்திற் செய்து முடிக்கத்தக்க பணி இது. தேர்வுக்கென்று செய்து பின்னர் மறக்கப்படும் பல பணிகளினும் பயனுடையது.

எப்பொழுதும் கூவும் கருவியை யார் மதிப்பர் என்பது மற்றொரு தடை. இது நேரிய தடையே. புலி வருகின்றது என்று பலகாற் கூவி ஏமாற்றிய சிறுவன் கதை யாவரும் அறிந்தது. ஆதலின் ஒருமுறை தவறியதற்கெல்லாம் மணியடித்தல் கூடாது; அடுத்தடுத்து மூன்று முறை தவறின் அடிக்கலாம். மனிதன் எழுந்து செய்யத்தக்கது யாதொன்றுமில்லாத செய்தியைப் பதிவேட்டில் மட்டும் எழுதிவிடலாம்.

மூன்றாவது தடையை யாமே எழுப்புகின்றோம். யாம் கூறியவற்றுள் இதனையே தலையாயதாகக் கருதுகின்றோம். நலங்காணும் பேரால் உளவு காணுதல் கூடாது. பிறர் காணாமைப்பொருட்டு அகழ்ந்த சுரங்கத்தில், காவலரே சாளரம் வைப்பாராயின் சுரங்கம் எதற்கு? தாமதமும் இழப்பும் அளவும் அறிந்தால் வழியின் நலம் அறியப்படும். எம்மாணவன் எந்நூலைப் பயின்றான், எவ்விரவில் எத்தளத்தை நோக்கினான் என்பன அதற்கு வேண்டா. மருத்துவர் நாடியைப் பிடித்துப் பார்ப்பர்; நோயாளியின் கடிதங்களைப் பிரித்துப் பார்ப்பதில்லை. பெயரும் நேரமும் பதியும் ஏடுகள் இருத்தல் இன்றியமையாததாயின், அவை எத்தனை நாள் வைக்கப்படும், யார் காண்பர் என்பதை மாணவர்க்கு முன்னரே வெளிப்பட உரைத்தல் வேண்டும். மேலே கூறிய சிறு கணினியின் சிறப்பும் இதுவே: அது தன் ஏட்டையே எடுத்துச் சோதிக்கின்றது, பிறர் ஏட்டைத் தொடுவதில்லை.

இவ்வளவும் கூறியபின் எம் வேண்டுகோள் மூன்று. வழியின் நலப் பதிவேடு அலுவலக அறைக்குள் அடைபடாது, மாணவர் அனைவரும் காணுமாறு வெளியிடப்படுதல் வேண்டும். ஒப்படைக்கும் கெடுவுக்கு முந்திய மணிநேரங்களில் வழி தவறியதாகப் பதிவு காட்டுமாயின், யாரும் மனுச் செய்யாமலே அக்கெடு அவ்வளவு நீட்டப்படுதல் வேண்டும். பதிவு பச்சையாகவே காட்டினும், மாணவர் இருவர் மூவர் ஒரே குறையை எடுத்துரைப்பாராயின், அவர் இருக்குமிடத்திலிருந்து, அவர் அனுப்பும் அளவுள்ள ஏட்டைக் கொண்டு சோதித்தறியுமுன் அவர் சொல்லை மறுத்தல் கூடாது. மாணவன் முறையீடும் ஓர் அளவுகோலே. வழியின் மறுமுனையில் நாம் வைத்திருக்கும் அளவுகோல்களுள் அதுவே மிக நுட்பமானது.

மாணவ நண்பர்காள்! நீவிர் நாளை இத்தகைய வழிகளைக் காக்கும் பணியில் அமர்வீர். மருத்துவமனைகளையும் வங்கிகளையும் அலுவலகங்களையும் இணைக்கும் சுரங்கவழிகள் உம் கையில் ஒப்புவிக்கப்படும். அப்பொழுது ஒருவர் தொலைவிலிருந்து அழைத்து, எம் செய்தி போகவில்லை என்பார். உம் திரையிலோ விளக்கு பச்சையாய் எரியும். அவ்வேளையில் விளக்கைச் சுட்டிக் காட்டாதீர்; அவர் நிற்கும் இடத்தில் நின்று, அவர் அனுப்பியதையே அனுப்பிப் பாரீர். மொட்டை மாடியில் விடியுமட்டும் அமர்ந்திருந்த அம்மாணவனுக்குக் கழிக்கப்பட்ட மதிப்பெண்கள் பின்னர்த் திருப்பியளிக்கப்பட்டன. அவன் சொன்னது மெய் என்று அன்றிரவே ஒருவரும் கூறவில்லை என்பது மட்டும் திருப்பியளிக்க இயலாததாய் நின்றது.